ரேஸ் கார் அப்ரைட்: ஒரே கட்டையை விஎம்சி-யில் ஸ்கிராப் இல்லாமல் முடிப்பது எப்படி

கோவையில் பம்ப் பாடி, வால்வு பாடி என்று மாதக்கணக்கில் ஒரே ஜாபை ஓட்டிப் பழகியவர் முதன்முதலாக ரேஸ் கார் பாகம் ஒன்றைக் கையில் எடுத்தால் எங்கே தடுமாறுவார் என்பது எனக்கு மனப்பாடம். மெஷின் ஓட்டுவதில் குறை இருக்காது, ஜி-கோடும் (மெஷினுக்கு எழுதும் கட்டளைகள்) தெரிந்திருக்கும். எதற்கு அப்புறம் எதைச் செய்வது என்ற வரிசையில்தான் மாட்டிக்கொள்வார். பேட்ச் வேலையில் முதல் இரண்டு மூன்று பீஸ் செட்டிங்குக்குப் போனால் யாரும் பெரிதாகக் கேட்க மாட்டார்கள். இங்கே வருவதே ஒரு கட்டை, சில சமயம் இரண்டு. முதல் பீஸ்தான் டெலிவரி பீஸ்.

உதாரணத்துக்கு அப்ரைட்டை எடுத்துக்கொள்கிறேன். வீல் பேரிங்கைத் தாங்கிக்கொண்டு, விஷ்போன் (சஸ்பென்ஷன் கை), டை ராடு (ஸ்டீயரிங் தண்டு), பிரேக் காலிப்பர் எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கும் பாகம். சாதாரண கார் மெக்கானிக்குகள் நக்கிள் என்பார்கள். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்காகக் கல்லூரி அணிகள் பட்டறைகளுக்குத் தூக்கிக்கொண்டு வருவதில் அதிகம் தகராறு செய்வது இதுதான். நான் இங்கே சொல்லும் அளவுகள்: 240 × 130 × 60 மிமீ 7075 அலுமினியக் கட்டை, 61814 பேரிங் இரண்டு (உள் விட்டம் 70, வெளி விட்டம் 90, அகலம் 10), மெஷின் சாதாரண 3-ஆக்ஸிஸ் விஎம்சி (கணினி ஓட்டும் செங்குத்து மில்லிங் மெஷின்). கட்டை ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், முடிந்த பாகம் ஒரு கிலோவைத் தொடாது. மீதி எல்லாம் சிப்ஸ். இவ்வளவு மெட்டலை எடுக்கிறோம் என்பதுதான் கீழே வரும் பாதித் தொல்லைக்குக் காரணம்.

1. கட்டையைத் தொடும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

90 மிமீ போர் கேஜ் (போர் என்பது பேரிங் உட்காரும் துளை), அதைச் செட் செய்ய 90 மிமீ செட்டிங் ரிங். ரிங் இல்லையென்றால் ஸ்லிப் கேஜால் சரிபார்த்த 75–100 மைக்ரோமீட்டர். ஒரு மைக்ரான் இல்லாவிட்டாலும் இரண்டு மைக்ரான் காட்டும் லீவர் டயல், நம் பட்டறைகளில் பப்பி என்றால்தான் எடுத்துத் தருவார்கள். 8 மிமீ ரீமர், நுணுக்கமாகத் திருப்பக்கூடிய போரிங் ஹெட், டார்க் ரென்ச், சாஃப்ட் ஜா, ஃபிக்ஸ்சருக்கு (ஜாபைப் பிடித்து வைக்கும் அமைப்பு) ஒரு தடித்த அலுமினியத் தட்டு.

போர் கேஜை ஏன் முதலில் சொன்னேன் என்றால், அது இல்லாமல் வேலையை ஆரம்பித்து, கடைசிக் கட்டுக்கு முன் பக்கத்துப் பட்டறையில் கடன் வாங்க ஓடியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அளக்க முடியாததை வெட்டக் கூடாது. வெர்னியரில் 90 மிமீ துளையை அளந்து பேரிங் ஃபிட் முடிவு செய்கிறவருக்கு இந்தக் கட்டுரையால் ஒரு பயனும் இல்லை.

2. டிராயிங்கைப் பேனாவோடு படியுங்கள்

முதலில் புரொஜெக்‌ஷன் குறியைப் பாருங்கள். நம் ஊரில் ஃபர்ஸ்ட் ஆங்கிள் பழக்கம். மாணவர்கள் கேட் மென்பொருளில் வந்ததை அப்படியே தேர்ட் ஆங்கிளில் அச்சடித்துத் தருவார்கள். அப்ரைட் பார்க்க இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும், காலிப்பர் முகம் மட்டும் எதிர்ப் பக்கம் போய்விடும், மாட்டும் நாளில்தான் தெரியும்.

அடுத்தது இடதா வலதா. ஒரு பக்கத்துக்கு மட்டும் டிராயிங் கொடுத்து ஓரத்தில் "மறுபக்கம் மிரர்" என்று எழுதியிருப்பார்கள். கன்ட்ரோலில் ஜி51.1 போட்டு அதே புரோகிராமை மிரரில் ஓட்டலாமே என்று தோன்றும். வேண்டாம். பாதை கண்ணாடியில் திரும்பினாலும் ஸ்பிண்டில் அதே திசையில்தான் சுற்றுகிறது, அதனால் கிளைம்ப் கட்டிங்காக (பல் ஜாப் நகரும் திசையிலேயே வெட்டுவது) எழுதியதெல்லாம் கன்வென்ஷனலாக (எதிர்த் திசையில் வெட்டுவது) மாறிவிடும். ஃபினிஷும் போகும், சுவரின் அளவும் மாறும். கேமில் (டூல் பாதை போடும் மென்பொருள்) மாடலை மிரர் செய்து டூல்பாத்தைப் புதிதாகப் போடுவதுதான் சரி.

மூன்றாவது டேட்டம், அதாவது மற்ற அளவுகள் தொடங்கும் முகமோ துளையோ. ஏ, பி, சி எது எது என்று சிவப்புப் பேனாவில் வட்டமிடுங்கள். பொதுவாகப் பேரிங் போரும் அதன் முகமும்தான் முதன்மை. மற்ற எல்லாத் துளையும் அங்கிருந்துதான் அளக்கப்படும், ஆகவே உங்கள் செட்டிங்கின் பூஜ்யப் புள்ளியும் அங்கேதான் இருக்க வேண்டும். கட்டையின் ஒரு மூலையில் ஜி54 (ஜாபின் பூஜ்யப் புள்ளி) போட்டுவிட்டு எல்லாவற்றையும் அங்கிருந்தே ஓட்டுவது பேட்ச் வேலைப் பழக்கம். கட்டையைத் திருப்பியதும் அந்த மூலையே இருக்காது.

அப்புறம் ஃபிட், அதாவது பேரிங்குக்கும் போருக்கும் உள்ள இறுக்கம். போரில் 90 பி7 என்று இருந்தால் 89.941-இலிருந்து 89.976 வரை. பேரிங்கின் வெளி விட்டம் 89.985-இலிருந்து 90.000 வரை இருக்கும். அதாவது இறுக்கம் குறைந்தது 9 மைக்ரான், அதிகபட்சம் 59 மைக்ரான். இவ்வளவு இறுக்கமா, தெரியாமல் போட்டுவிட்டார்களோ என்று நினைத்து எச்7-க்குத் தளர்த்திய ஒரு செட்டரை எனக்குத் தெரியும். பிரேக் சூட்டில் அப்ரைட் 50 டிகிரி ஏறினால் அலுமினியத் துளை ஸ்டீல் பேரிங்கைவிட ஏறத்தாழ 0.05 மிமீ கூடுதலாக விரிகிறது. அறை வெப்பத்தில் இறுக்கமாக இருப்பது டிராக்கில் வெறும் கைப்பிடிதான். எச்7-இல் போட்டால் பேரிங்கின் வெளி ரிங் உள்ளே சுற்ற ஆரம்பித்துவிடும். ஃபிட் தவறு என்று தோன்றினால் டிசைன் செய்தவரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள்.

கடைசியாக உள் மூலைகளின் ரேடியஸ். எங்கே எவ்வளவு என்று தனியே ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்பதாவது படியில் தேவைப்படும்.

3. மெட்டீரியல் உண்மையிலேயே அதுதானா?

7075-டி6, 7075-டி651 இரண்டும் ஒரே அலாய், ஒரே ஹீட் ட்ரீட்மென்ட். டி651 மட்டும் தண்ணீரில் குவென்ச் செய்தபின் இழுத்து நீட்டி உள் அழுத்தத்தைக் குறைத்த தட்டு. எண்பது சதவீதத்துக்கு மேல் மெட்டலை வெட்டி எறியும் வேலைக்கு அந்தக் கடைசி இரண்டு இலக்கம் முக்கியம், ஏனென்றால் உள் அழுத்தம் உள்ள கட்டையை ஒரு பக்கம் குடைந்ததும் அது வில்லாக வளையும்.

மில் டெஸ்ட் சர்டிபிகேட் கேளுங்கள். அதிலுள்ள ஹீட் நம்பரும் கட்டையில் அச்சடித்த நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். கட்டையை அறுத்துக் கொடுத்திருந்தால் அச்சு எந்தத் துண்டில் போனதோ தெரியாது. கடைக்காரர் "அதேதானுங்க" என்பார். 6061-ஐயும் 7075-ஐயும் கண்ணால் பிரிக்க முடியாது. கடினம் பார்த்தால் தெரியும்: பிரினெல்லில் 6061-டி6 சுமார் 95, 7075-டி6 சுமார் 150. பக்கத்தில் ஏதாவது ஒரு லேபில் ஐந்து நிமிட வேலை.

4. ஆபரேஷன் வரிசையைத் தாளில் எழுதிய பிறகே கேமைத் திறங்கள்

நான் எழுதும் வரிசை இது: ஆறு முகம் சதுரமாக்குதல், முதல் பக்கம் ரஃப் (அளவுக்குச் சற்று மிச்சம் விட்டு வெட்டுவது), இரண்டாம் பக்கம் ரஃப், ஓய்வு, டேட்டம் முகம் மறுபடி எடுத்து முதல் பக்கம் ஃபினிஷ், கூடவே டோவல் (இடம் பிடிக்கும் பின்) துளைகள், திருப்பி ஃபிக்ஸ்சரில் இரண்டாம் பக்கம் ஃபினிஷ், பக்கவாட்டுத் துளைகளும் மரைகளும், கடைசியில், எல்லாம் முடிந்த பிறகு, பேரிங் போர்.

போரை ஏன் கடைசிக்குத் தள்ளுகிறேன்? மெட்டலை எங்கே எடுத்தாலும் மீதி மெட்டல் கொஞ்சம் நகர்கிறது. 35 மைக்ரான் டாலரன்ஸ் உள்ள ஒரு துளையை முதலிலேயே முடித்துவிட்டு அதைச் சுற்றிலும் குடைந்தால், அந்தத் துளை வட்டமாகவே இருக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? புதியவர்கள் பெரும்பாலும் போரைத்தான் முதலில் முடிப்பார்கள். முக்கியமானதை முதலில் முடித்துவிட்டால் நிம்மதி என்ற எண்ணம். நானும் ஒரு முறை அப்படி முடித்தேன். காலையில் அளக்கும்போது அளவு சரி, சாயங்காலம் பாக்கெட்டுகள் முடிந்து கிளாம்பைத் தளர்த்தியதும் அதே போர் ஒரு திசையில் 30 மைக்ரான் நீள்வட்டம். அந்தக் கட்டை இன்றும் பட்டறை ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

டிசைன் கட்டத்திலேயே உங்களிடம் வந்துவிட்டார்கள் என்றால் இன்னொன்று கேளுங்கள்: போரை நடுவில் தோள் இல்லாமல் நேர்த் துளையாக வைத்து, இடையில் ஸ்பேசரும் வெளியே சர்க்ளிப்பும் போட முடியுமா என்று. முடியும் என்றால் இரண்டு பேரிங் இருக்கையையும் ஒரே செட்டிங்கில், ஒரே பக்கமிருந்து முடித்துவிடலாம், கோ-ஆக்ஸியல் (இரண்டும் ஒரே அச்சில் இருப்பது) பற்றிய கவலையே இல்லை. முடியாது, நடுவில் தோள் வேண்டும் என்றால், முதல் இருக்கையைப் பப்பியால் சுற்றிப் பார்த்து ஐந்து மைக்ரானுக்குள் சென்டர் எடுத்த பிறகே இரண்டாவதைத் தொட வேண்டும், அதற்கு ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள்.

5. புரோகிராமை காற்றில் ஓட்டுங்கள்

ஜி54-இன் இசட்டை 100 மிமீ மேலே தூக்கிவைத்து முழு புரோகிராமையும் ஒரு முறை ஓட்டுங்கள். அப்புறம் உண்மையான இசட்டில் சிங்கிள் பிளாக், ரேப்பிட் 25 சதவீதம், கை ஃபீட் ஹோல்டில். ஒவ்வொரு டூலும் இறங்கும்போது திரையில் மீதித் தூரத்தைப் பாருங்கள்: திரை 50 மிமீ இன்னும் இறங்க வேண்டும் என்கிறது, கண்ணுக்கு 20 மிமீதான் இருக்கிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

நான் பார்த்த இடிகளில் முக்கால்வாசி மூன்றே காரணம். ஜி43 (டூல் நீளத்தைக் கணக்கில் எடுக்கும் கட்டளை) விடுபட்டது, எச் நம்பர் (டூல் நீளம் பதிந்த எண்) டூல் நம்பரோடு பொருந்தாதது, டூல் மாற்றிவிட்டு நீளத்தைத் திரும்ப எடுக்காதது. மூன்றும் காற்றில் ஓட்டும்போதே பிடிபடும்.

6. இரண்டு பக்கமும் ரஃப்பிங், அப்புறம் ஒரு ராத்திரி

எல்லாச் சுவரிலும் தரையிலும் 1 மிமீ விடுங்கள். போரில் விட்டத்துக்கு 2 மிமீ. 12 மிமீ மூன்று ஃப்ளூட் கார்பைடு எண்ட் மில்லுக்கு 8000 ஆர்பிஎம் கொடுத்தால் நிமிடத்துக்கு 300 மீட்டர் வேகம் வரும், அலுமினியத்துக்கு அது நிதானமான வேகம்தான், பல்லுக்கு 0.08 என்றால் ஃபீட் 1920. டூல் நிறுவனத்தின் அட்டவணை இதைவிட அதிகமும் சொல்லும். ஒரே கட்டைதான் இருக்கிறது என்னும்போது அந்த உச்சத்தைத் தொட எனக்கு மனம் வருவதில்லை, பத்து நிமிடம் மிச்சப்படுத்தி என்ன செய்யப்போகிறேன்.

கூலன்ட் குளிர்விக்கிறதா என்பதைவிட சிப்ஸைத் தள்ளுகிறதா என்று பாருங்கள். ஆழமான பாக்கெட்டில் சிப்ஸ் தங்கினால் டூல் அதையே மறுபடி மெல்லும், அலுமினியம் விளிம்பில் ஒட்டும், அடுத்த நொடி டூல் உடையும். ஏர் பிளாஸ்ட் இருந்தால் அதுவும் சேர்ந்து ஓடட்டும்.

ஒரு பக்கம் ரஃப் முடிந்ததும் அதே பக்கத்தை ஃபினிஷ் செய்யக் கை துறுதுறுக்கும், செட்டிங் ஏற்கெனவே இருக்கிறதே என்று. அங்கேதான் பெரும்பாலானோர் வழுக்குகிறார்கள். திருப்பிப் போட்டு மறுபக்கம் குடையும்போது கட்டை வளைந்தால் நீங்கள் முடித்த முகமும் சேர்ந்து வளையும். இரண்டு பக்கமும் ரஃப் முடித்து, வைஸிலிருந்து கழற்றி, சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்து நான்கு மூலையையும் டயலில் பாருங்கள். 0.15 மிமீ வரை வளைந்ததைப் பார்த்திருக்கிறேன், அதுவும் சர்டிபிகேட் உள்ள தட்டு. அப்படியே ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். பொறுமைக்காகச் சொல்லவில்லை, வெட்டிய சூடு முழுதாக இறங்கி ஜாபும் மெஷினும் ஒரே வெப்பத்துக்கு வரட்டும் என்றுதான்.

7. டேட்டம் முகமும் டோவல் துளைகளும்

மறுநாள் ஜாபை வைஸில் அமுக்கிப் பிடித்து முகம் எடுத்தால் நேற்றைய வளைவைத் தட்டையாக அமுக்கி வெட்டுகிறீர்கள் என்று பொருள். விட்டதும் திரும்ப வளையும். ஆகவே மூன்று இடத்தில் மட்டும் உட்காரும்படி வைத்து, ஜாபுக்கும் மேசைக்கும் நடுவே இடைவெளி இருக்கும் இடத்தில் ஷிம் (மெல்லிய தகடு) கொடுத்து, கிளாம்பை அந்த மூன்று புள்ளிக்கு நேர் மேலே மட்டும் போடுங்கள். கிளாம்பை இறுக்கும்போது பப்பியின் ஊசி ஜாபின் மேல் இருக்கட்டும். ஊசி 10 மைக்ரானுக்கு மேல் நகர்ந்தால் ஷிம் தவறு.

0.3 மிமீ மட்டும் எடுத்து முகத்தைச் சுத்தமாக்குங்கள். இனி இதுதான் டேட்டம். இதே செட்டிங்கில் காலிப்பர் முகத்தையும் முடித்து, காலிப்பர் போல்ட் துளைகள் இரண்டையும் ஸ்பாட், 7.8 டிரில், 8 எச்7 ரீமர் என்று முடியுங்கள். எம்8 போல்ட் நேராக ஊடுருவிப் போகும் டிசைன் என்றால் இந்த இரண்டு துளைகளே அடுத்த செட்டிங்குக்கு டோவல் துளைகள், தனியாகத் துளை போட வேண்டியதில்லை.

8. ஃபிக்ஸ்சர்

தடித்த தட்டின் மேல்முகத்தை மெஷினிலேயே எடுத்து, கழற்றாமல் இரண்டு டோவல் துளைகள் போடுங்கள். ஒரு டோவல் முழு உருளை, இன்னொன்று இரண்டு பக்கம் தேய்த்த டைமண்ட் பின். இரண்டும் முழு உருளையாக இருந்தால், துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தில் சில மைக்ரான் வித்தியாசம் வந்தாலே ஜாப் இறங்காது. சுத்தியலால் தட்டி இறக்குவீர்கள். தட்டி இறக்கிய ஜாப் இழுபட்டு நிற்கும். டைமண்ட் பின் இல்லையா, சாதாரண டோவலை கிரைண்டரில் இரண்டு பக்கம் தேய்த்துக்கொள்ளுங்கள், தேய்த்த பக்கங்கள் மற்ற டோவலை நோக்கியும் அதற்கு எதிர்த் திசையிலும் இருக்க வேண்டும்.

9. இரண்டாம் பக்கம்: மூலைகளில் கை வைக்காதீர்கள்

இங்கே வேலை நேரானது, ஒரே ஒரு விஷயத்தில் நிற்கிறேன். டிராயிங்கில் பாக்கெட் மூலைக்கு ரேடியஸ் 6 என்று இருக்கும். உங்களிடம் 12 மிமீ டூலும் 8 மிமீ டூலும் இருக்கின்றன. 12 மிமீ டூல் சரியாக ரேடியஸ் 6 மூலையில் போய் முட்டும்போது அதன் கால்வாசி சுற்றளவும் ஒரே நேரத்தில் மெட்டலைத் தொடும், கிர்ரென்று சத்தம் வரும், சுவரில் அலை விழும். அதனால் 10 மிமீ டூலோ 8 மிமீ டூலோ எடுத்து மூலையை ரேடியஸ் 6-ஆகவே சுற்றி வர வேண்டும். சிலர் சின்ன டூல் கையில் இருப்பதால் மூலையை ரேடியஸ் 4-ஆக்கி விடுகிறார்கள், எடை குறையுமே என்று நல்லெண்ணத்தில்.

அந்த மூலையில்தான் விரிசல் பிறக்கும். அப்ரைட் ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கிலும் மாறி மாறி இழுபடும் பாகம். 7075 வலுவான அலாய்தான், ஆனால் கூர்மூலையையும் கீறலையும் மன்னிக்காது. அடி ஃபில்லட்டுக்கு மூலை ரேடியஸ் உள்ள புல்நோஸ் டூல், சுவரும் தரையும் சேரும் இடத்தில் படி விழாமல் ஒரே பாஸ். படி விழுந்துவிட்டால் எமரியால் நீளவாக்கில் தேய்த்து மறையச் செய்யுங்கள், குறுக்காகத் தேய்க்காதீர்கள். குறுக்குக் கீறலும் ஒரு மூலைதான்.

10. பக்கவாட்டுத் துளைகளும் மரைகளும்

ஸ்டீயரிங் ஆர்மும் விஷ்போன் பிராக்கெட்டும் மாட்டும் மரைகளை அணிகள் பத்து இருபது முறை கழற்றி மாட்டுவார்கள். நேராக அலுமினியத்தில் மரை போட்டால் ஒரு சீசன்கூடத் தாங்காது, ஹெலிகாயில் (மரைக்குள் இறக்கும் ஸ்டீல் சுருள்) போடுங்கள். கவனம்: சாதாரண எம்8 மரைக்கு 6.8 டிரில். ஹெலிகாயிலுக்கு அதைவிடப் பெரிய டிரில், அதன் கிட்டில் வரும் தனி டேப். கைப்பழக்கத்தில் 6.8 போட்டுவிட்டால் பெரிதாக்கிக்கொள்ளலாம். சாதாரண எம்8 டேப்பும் விட்டுவிட்டீர்கள் என்றால் ஹெலிகாயில் மரையில் பழைய மரையின் சுவடு தங்குமா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

11. போர்

இப்போது ஃபிக்ஸ்சரில் திரும்ப ஏற்றுங்கள். கிளாம்பைப் பாதி விசையில் மட்டும் இறுக்குங்கள், டார்க் ரென்ச்சில், எல்லாம் ஒரே அளவு. இனி எடுக்கப்போவது விட்டத்தில் 2 மிமீதான், ரஃப்பிங் விசை எதற்கு?

போரிங் ஹெட்டில் 89.5 வரை வந்து நிறுத்துங்கள். அளங்கள். இப்போது மிக முக்கியமான பழக்கம்: கடைசி இரண்டு கட்டும் ஒரே ஆழமாக இருக்க வேண்டும். இலக்கு 89.958 என்று வைத்தால், மீதி சுமார் 0.46. அதை 0.23, 0.23 என்று பிரியுங்கள். போரிங் பார் வெட்டும்போது கொஞ்சம் வளைந்து விலகும், விலகல் கட்டின் ஆழத்தைப் பொறுத்தது. முதல் 0.23-இல் எவ்வளவு விலகியது என்று அளந்து தெரிந்துகொண்டால் இரண்டாவதில் அதே அளவுதான் விலகும், அதற்கேற்ப ஹெட்டைத் திருப்பலாம். 0.4 எடுத்துவிட்டு கடைசியில் 0.05 மட்டும் தடவி எடுக்கலாம் என்பவர்களுக்கு இரண்டு விதமாகவும் நடக்கும்: இன்செர்ட் வெட்டாமல் தேய்த்துக்கொண்டு போகும், அளவு சிறியதாக நிற்கும்; அல்லது பார் விலகாததால் நினைத்ததைவிடப் பெரியதாகிவிடும். போர் சிறியதானால் மறுபடி வெட்டலாம், பெரியதானால் முடிந்தது.

ஒவ்வொரு அளவுக்கும் முன் கூலன்டைத் துடைத்து, ஜாப் கை வைத்தால் சில்லென்றோ வெதுவெதுப்பாகவோ இல்லாத நிலைக்கு வரும்வரை காத்திருங்கள். கிளாம்பில் இருக்கும்போது மூன்று திசையில், இரண்டு ஆழத்தில் அளந்து எழுதுங்கள். அப்புறம் கடைசிக் கட்டுக்கு முன்பாகவே கிளாம்பை ஒரு முறை முழுதாகத் தளர்த்தி, போர் நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் கிளாம்ப்தான் குற்றவாளி, அதைச் சரி செய்ய இன்னும் 0.23 மிச்சம் இருக்கிறது. கடைசிக் கட்டுக்குப் பிறகு தளர்த்திப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம், சரி செய்ய முடியாது.

12. வெயிலும் ஒரு அளவுதான்

எல்லா அளவும் 20 டிகிரிக்குச் சொல்லப்பட்டது. கோவைதானே, குளுகுளு ஊர் என்பீர்கள். மத்தியானம் ஷீட் கூரைக்குக் கீழே 32 டிகிரி சாதாரணம். அலுமினியமும் ஸ்டீல் செட்டிங் ரிங்கும் ஒன்றாக 32-இல் இருந்தால்கூட, 90 மிமீ போர் ரிங்கை வைத்து அளக்கும்போது சுமார் 13 மைக்ரான் பெரியதாகக் காட்டும். உங்களிடம் இருப்பதே 35 மைக்ரான், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. கேஜ் 89.970 காட்டினால் உண்மையில் 20 டிகிரியில் 89.957 என்று எடுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் ஏசி அறையில் சிஎம்எம்மில் அளந்து, "அண்ணா, நீங்க சொன்னதைவிட 13 மைக்ரான் டைட்டா இருக்குங்ணா" என்று போன் செய்யும்போது பதில் இருக்கும்.

ஜாப், ரிங், போர் கேஜ் மூன்றையும் ஒரே சர்ஃபேஸ் பிளேட்டில் இரண்டு மணி நேரம் ஒன்றாக வையுங்கள். கேஜைக் கையில் பிடித்துக்கொண்டே டீ குடிக்கப் போகாதீர்கள், உள்ளங்கைச் சூடு போதும் ஊசியை நகர்த்த.

13. பர், குறி, கோட்டிங்

ஒவ்வொரு விளிம்பையும் 0.2–0.3 மிமீ உடையுங்கள், போர் நுழைவாயில் உட்பட. துளையும் துளையும் குறுக்கிடும் இடங்களில் கண்ணாடி வைத்துப் பாருங்கள், பர் (வெட்டிய விளிம்பில் நிற்கும் பிசிறு) அங்கேதான் ஒளிந்திருக்கும். சீரியல் நம்பரும் இடது வலதும் பொறிப்பதாக இருந்தால் அதிகம் இழுபடாத தடித்த இடத்தில், உருண்டை முனை டூலால், ஆழமில்லாமல்.

ஆனடைஸிங் போகிறதா என்று முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். ஹார்ட் ஆனடைஸில் 50 மைக்ரான் படலம் என்றால் அதில் பாதி வெளியே வளரும். துளையின் இரண்டு பக்கமும் சேர்த்து விட்டம் 50 மைக்ரான் குறையும். போரையும் மரைகளையும் மாஸ்க் செய்யச் சொல்லி டெலிவரி சலானிலேயே எழுதுங்கள், வாயால் சொன்னது கோட்டிங் கடை வரை போகாது.

14. பேரிங் ஏற்றுவது உங்கள் வேலை இல்லை, ஆனாலும்

அணியினர் ஒன்று சுத்தியலோடு வருவார்கள் அல்லது கேஸ் டார்ச்சோடு வருவார்கள். இரண்டையும் தடுங்கள். அப்ரைட்டை அவனில் 80–90 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 90 மிமீ துளை 0.1 மிமீக்கு மேல் விரியும், அதிகபட்ச இறுக்கமான 59 மைக்ரானுக்கு அது தாராளம். பேரிங்கை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் கையாலேயே இறங்கும். 7075-டி6-க்கு அந்த வலு வந்ததே 120 டிகிரி பக்கம் மணிக்கணக்கில் வைத்து முதிரச் செய்ததால்தான். டார்ச்சில் ஒரே இடத்தைச் சுட்டால் அந்த இடம் 200-ஐத் தாண்டுவது கண்ணுக்குத் தெரியாது, அலுமினியம் சிவக்காதே.

மறுபக்கத்து அப்ரைட்டுக்கு ஃபிக்ஸ்சர் தட்டைக் கழற்றும் முன் ஷிம் தடிமன், டூல் நீளங்கள், போரிங்கில் அளந்த விலகல் மூன்றையும் அதே ஆபரேஷன் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துவிடுங்கள், டிசம்பரில் இன்னொரு அணி அதே டிசைனைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு வந்து நிற்கும்.